மருமகளுக்குக் குடியுரிமை: நாள் எண்ணும் கணக்கு

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இரண்டு குடும்பத்தார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு வீட்டில் மருமகள் இலங்கைப் பெண். இன்னொரு வீட்டில் மருமகன் சிங்கப்பூர்க்காரர். "உங்கள் மலேசிய மருமகளுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருக்கிறீர்களாமே! கல்யாணமாகி ஏழு வருடம் இங்கே இருந்தால் போதும்தானே?" என்றார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பினால் எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் போயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மருமகள் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். கல்யாணம் முடிந்து 2015 ஆகஸ்ட் 12ஆம் தேதி மும்பை வந்து இறங்கினாள். 2022 ஆகஸ்டில் ஏழு வருடம் முடிகிறது, மறுநாளே மனுப் போட்டுவிடலாம் என்று நானும் என் மகனும் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற சங்கத்து நண்பர் ஒருவர்தான், "சட்டத்தைப் படித்தீரா?" என்று கேட்டார். படிக்கவில்லை.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர் மனுப் போடுமுன் ஏழு வருடம் இந்தியாவில் "சாதாரணமாக வசித்திருக்க" வேண்டும் என்கிறது. எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள விளக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. மனுப் போடும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் முழுக்க முழுக்க இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய எட்டு வருடத்தில், மொத்தமாகக் கூட்டினால் ஆறு வருடத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஆக, ஒன்பது வருடத்தில் ஏழு. அதிலும் கடைசி ஒன்று இடையறாதது.

இந்த இரண்டு பகுதிக்கும் குணம் வேறு. எட்டு வருடப் பகுதி தாராள மனசுக்காரன்: இரண்டு வருடம் வரை வெளியே போய் வந்தாலும் பொறுத்துக்கொள்வான். கடைசி வருடம் வட்டிக்கடைக்காரன் மாதிரி.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். 2016இல் 32 நாள் தாய்வீடு போய் வந்தாள். பேரன் பிறந்த பிறகு, 2018இல், குழந்தையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனவள் 94 நாள் தங்கினாள். 2019இல் 30 நாள். கூட்டினால் 156. கொரோனாக் காலத்தில் எங்கும் போகவில்லை. 2022 மே மாதம் தம்பி கல்யாணத்துக்கு 21 நாள். இப்போது ஆகஸ்ட் 12இல் நின்று பாருங்கள். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 21 நாள் ஓட்டை. அதற்கு முந்தைய கணக்கிலோ அவள் வந்து இறங்கியதிலிருந்து சரியாக ஆறு வருடம்தான் இருக்கிறது. அதில் 156 நாள் இல்லை. இரண்டு பக்கமும் தோல்வி. வந்த நாளிலிருந்து ஏழு வருடம் முடிந்ததும் மனுப் போட வேண்டுமானால், ஒரு நாள்கூட வெளியே போகாதவர்தான் போடலாம்.

இதற்கு ஒரு சலுகை உண்டு. 2015இல் செய்த திருத்தத்தின்படி, சிறப்புக் காரணம் இருப்பதாக மத்திய அரசு கருதினால், அதை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சம் 30 நாள் வரை விட்டுக்கொடுக்கலாம். அந்த முப்பதும் ஒரே தடவையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இது அரசு மனம் வைத்தால் கிடைப்பது. நாம் உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல. நண்பர் கணக்குப் பார்த்து, "156 நாள் சேர்த்து 2023 ஜனவரி நடுவில் போடுங்கள். அந்த 21 நாளுக்குச் சலுகை கேளுங்கள்" என்றார். நான்தான், "சலுகையை நம்பி எதற்கு? மே கடைசி வரை பொறுத்தால் பன்னிரண்டு மாதம் சுத்தமாக முடிந்துவிடும்" என்று தடுத்துவிட்டேன்.

2023 மார்ச் கடைசி வாரத்தில் ஈப்போவிலிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மாவுக்குப் பக்கவாதம். இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. அன்று இரவு நான் சொன்ன வார்த்தை எனக்கு இப்போதும் உறுத்துகிறது. "டாக்டர் என்ன சொல்கிறார் என்று ஒரு வாரம் பார்க்கலாமே அம்மா" என்றேன். மருமகள் பதில் பேசவில்லை. என் மனைவிதான், "உங்கள் கணக்கு நோட்டை மூடி வையுங்கள்" என்றாள். மறுநாள் விமானத்தில் மருமகள் போய்விட்டாள். சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் சம்பந்தியம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடித்து, மே 6ஆம் தேதி திரும்பி வந்தாள். 41 நாள். சலுகைக்கும் எட்டாது. பன்னிரண்டு மாதம் மறுபடி முதலிலிருந்து.

அடுத்த வருடம் ஏப்ரலில் முதல் வருடத் திதி. பன்னிரண்டு மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. தம்பி அங்கே செய்தான். இவள் இங்கே விளக்கேற்றிப் படத்துக்கு மாலை போட்டாள். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை; போகவில்லை என்று அவளேதான் முடிவு செய்தாள். 2024 மே கடைசியில் மனு போயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் அதையே பிடித்திருப்போம். இந்தியரை மணந்து, அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்து, இரண்டு வருடம் ஆனவர் ஓ.சி.ஐ. அட்டை கேட்கலாம். கொள்ளுத்தாத்தா இந்தியர் என்று காகிதத்தில் நிரூபிக்க முடிந்தால் அந்த வழியிலும் கேட்கலாம். (தோட்டத்துக்குப் போனவர்களின் காகிதம் எங்கே கிடைக்கிறது!) அட்டை வாங்கி ஐந்து வருடம் ஆகி, மனுவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்குப் போடலாம். ஆறு வருடக் கூட்டல் அதில் இல்லை. அடிக்கடி தாய்வீடு போகிறவர்களுக்கு இதுவே நல்லது. விசாவைப் புதுப்பிக்கும் அலைச்சலும் மிச்சம். கடைசி வருடக் கண்டிப்பும் முப்பது நாள் சலுகையும் இதற்கும் அதேதான்.

விசா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விசாத் தேதி முடிந்த பிறகும் தங்கியவரைச் சட்டம் "சட்டவிரோதக் குடியேறி" என்று வகைப்படுத்துகிறது. அந்தப் பெயர் விழுந்தால் இந்த வழிகள் எல்லாமே அடைபடும். இது பிள்ளையையும் பாதிக்கும். 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் அந்தச் சமயத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று சம்பந்தி வீட்டார் ஆசைப்பட்டார்கள். கடைசியில் சம்பந்தியம்மாவே இங்கு வந்து இரண்டு மாதம் இருந்து பார்த்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்தியரை மணக்காமல், வேறு தொடர்பும் இல்லாமல் இங்கே வாழ்கிறவருக்குக் கணக்கு இன்னும் நீளம்: கடைசிப் பன்னிரண்டு மாதம், அதற்கு முந்தைய பதினான்கு வருடத்தில் பதினொன்று. அவர்களுக்கு அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. மும்பையில் வசித்தாலும் தமிழ் போதும்! 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பதினொன்றை ஐந்தாகக் குறைத்ததே என்று சிலர் கேட்கிறார்கள். அது 2014 முடிவதற்குள் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தாருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

காகித விஷயம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மருமகளின் மலேசிய பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறியது. ஒன்பது வருடப் போக்குவரத்தைக் காட்ட எல்லா முத்திரைகளும் வேண்டியிருந்தன. 2019 பயணத்து முத்திரை ஒன்று மங்கிப்போய், விமானச் சீட்டின் அடிக்கட்டையைத் தேடி இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாக்கினோம். என் மனைவியின் தினசரிக் காலண்டர் தாளில், "குழந்தை ஊருக்கு" என்று பென்சிலால் எழுதியிருந்தது தேதியைக் காட்டிக்கொடுத்தது. கணக்கு சரியாக முடியும் நாளிலேயே மனுவை நீட்டாமல், பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் போடுங்கள். விமானம் ஏறிய நாளும் இறங்கிய நாளும் யார் பக்கம் என்ற வாக்குவாதம் வராது.

முக்கியமானது ஒன்று. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதற்காக முந்திக்கொண்டு பழைய குடியுரிமையைத் துறந்துவிடாதீர்கள். மனுவோடு, ஏற்கப்பட்டால் துறப்பேன் என்ற உறுதிமொழி மட்டும்தான் கொடுக்கிறோம். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த பிறகு துறந்து, அதற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். முதலிலேயே துறந்து, இங்கே தாமதமானால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

எங்களுக்கு அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. விசாரணைக்கு ஒருவர் வந்து, காபி சாப்பிட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போனார். சட்டம் எண்ணச் சொல்வது மனுப் போடும் நாள் வரைதான். அதற்குப் பிந்தைய பயணம் இந்தக் கணக்கில் வராது. சென்ற வருடம் இரண்டாவது திதிக்கு மருமகள் ஈப்போ போனாள். எத்தனை நாள் என்று கேட்க என் மனைவி என்னை விடவில்லை.