எட்டுத் துண்டுகளின் கலப்பு

“வெறும் சளிக்காய்ச்சல்தானே!” என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இன்புளுவென்சா 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் உலகையே ஆட்டிப் படைத்தது. இவற்றுள் 1957-ஆம் ஆண்டுக் கிருமி நம் வாசலுக்கே வந்தது. ஹாங்காங், சிங்கப்பூர் என்று பரவிய அக்காய்ச்சல், மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில் இங்கும் நுழைந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 11 இலட்சம் பேர் அதற்குப் பலியானதாக மதிப்பிடப்படுகிறது.

அந்தப் புதிய கிருமி எப்படித் தோன்றியது?

இன்புளுவென்சா ஏ கிருமியின் மரபணு ஒரே நீண்ட இழை அன்று. தனித்தனியான 8 ஆர்.என்.ஏ துண்டுகள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டை, வேட்டி, துண்டு என்று வகைக்கு ஒன்றாக, இரண்டு வீட்டாரும் எட்டெட்டுத் துணிகளைப் போடுகிறார்கள். மூட்டை கட்டும்போது இவர் சட்டையும் அவர் வேட்டியும் ஒன்றாகிவிட்டால்? இரு வேறு இன்புளுவென்சா கிருமிகள் ஒரே உயிரணுவுக்குள் புகும்போதும் இதுவே நடக்கிறது. இதனை மரபணு மறுசேர்க்கை என்பர். இவ்வாறு 256 வகை மூட்டைகள் கட்டலாம். அவற்றுள் 254 புதியவை!

1957-ஆம் ஆண்டின் எச்2என்2 கிருமி, மனிதக் கிருமியிடமிருந்து 5 துண்டுகளையும் பறவைக் கிருமியிடமிருந்து 3 துண்டுகளையும் பெற்றிருந்தது. நம் உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் மேற்புறப் புரதங்கள் இரண்டும் அந்த மூன்றில் அடங்கும். ஆகவே, பழைய காய்ச்சலில் பெற்ற எதிர்ப்பாற்றல் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1968-இல் வேறு 2 பறவைத் துண்டுகள் சேர்ந்து எச்3என்2 பிறந்தது. 2009-இல் பரவிய எச்1என்1, பன்றிகளிடையே உருவான கலப்பு.

ஆண்டுதோறும் கிருமியில் நிகழும் சிறு மாற்றங்கள் வேறு. அவற்றுக்கேற்பத் தடுப்பூசியும் புதுப்பிக்கப்படுகிறது. மறுசேர்க்கையோ ஒரே பாய்ச்சலில் கிருமியின் முகத்தையே மாற்றிவிடும்.

இதில் நமக்கென்ன கவலை? எச்2என்2 கிருமி 1968-க்குப் பின் மனிதரிடையே மறைந்துவிட்டது. நம் தாத்தா பாட்டியின் உடல் அதனை அறிந்திருக்கலாம். நம் உடல் அறியாது. ஆனால் எச்2 வகைக் கிருமிகள் பறவைகளிடம் இன்னும் உள்ளன. எச்5என்1 பறவைக் காய்ச்சலும் 2004-இல் கிளந்தானிலும், 2006-இல் கோலாலம்பூரை ஒட்டிய கிராமங்களிலும் கோழிகளைத் தாக்கியது.

கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள் வழக்கமான காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்துவதும் இதனால்தான். அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. மனிதக் கிருமியும் பறவைக் கிருமியும் ஒரே உடலில் சந்திக்கும் வாய்ப்பைத்தான் அது குறைக்கிறது. நண்பர்களே, அடுத்த முறை “வெறும் சளிக்காய்ச்சல்” என்று சொல்லுமுன் இதனையும் எண்ணிப் பாருங்கள். வருமுன் காப்போம்!