ஓசையும் மணமும் வழிகாட்டும் சமையலறை

சமையலறையில் கண்ணுக்கு எவ்வளவு குறைந்த வேலை இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கூடத்தில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருப்பவர் குக்கரின் மூன்றாவது விசில் கேட்டதும் எழுந்து சென்று அடுப்பை அணைக்கிறார். பால் தீயும் மணம் வந்தால் மாடியில் இருப்பவரும் ஓடி வருகிறார். கடுகு வெடித்து அடங்குவதைக் காதால் கேட்டே பருப்பைப் போடுகிறோம். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை விரலிடையே நசுக்கிப் பார்க்கிறோம். மூடிய குக்கருக்குள் நடப்பதை எவரும் கண்டதில்லை. பாதிச் சமையலை நாம் அனைவருமே நாள்தோறும் பார்வையின்றித்தான் செய்து முடிக்கிறோம்.

ஆயினும் ஒருவர் பார்வையை இழந்ததும் வீட்டார் முதலில் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அடுப்படியைத்தான். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்னும் சொல் அன்பினால் வருவதே. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்கே சமைத்துப் போட்ட தாய், நீரிழிவினாலோ கண் நீரழுத்த நோயினாலோ பார்வை குன்றியபின், ஒரு குவளைத் தேநீருக்காக மருமகள் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பு அன்பின் கணக்கில் எழுதப்படுவதில்லை.

சிலர் தம் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சமையலறையில் தடுமாறிப் பார்த்துவிட்டு, "இது இயலாத காரியம்" என்று முடிவு கட்டுகின்றனர். அது பார்வையற்றவரின் அனுபவம் அன்று. பயிற்சியற்றவரின் முதல்நாள் பதற்றம் மட்டுமே. நீச்சல் அறியாதவர் கிணற்றில் விழுந்து எழுந்து நீச்சலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது அது.

பார்வையின்றிச் சமைப்பவருக்கு முதல் தேவை விலையுயர்ந்த கருவி எதுவும் அன்று. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கவேண்டும், அவ்வளவே. அடுப்புக்கு வலப்புறம் எண்ணெய், அதன் பின்னால் உப்பு, மேல்தட்டில் பருப்பு வகைகள் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் கை தானே அங்குச் செல்லும். இந்த ஒழுங்கைக் குலைப்பவர்கள் பெரும்பாலும் பார்வையுள்ள வீட்டாரே. தேநீர் போட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவை உப்பின் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர், அலமாரிக் கதவைப் பாதி திறந்தபடி விட்டுச் செல்கிறவர், கத்தியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போடுகிறவர் ஆகியோரால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் நெருப்பினால் வருவது குறைவு என்றே நாம் கருதுகிறோம். நெருப்பு தான் இருக்கும் இடத்தை வெப்பத்தால் அறிவித்துவிடுகிறது. பாதி திறந்த கதவு அறிவிப்பதில்லை.

ஒரே அளவான டப்பாக்களுக்கு அடையாளம் இடுவது எளிது. உப்புக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரைக்கு இரண்டு. பிரெயில் அறிந்தவர் எழுத்துப் பட்டையை ஒட்டிக்கொள்ளலாம்; அறியாதவருக்கு நெற்றிக்கு இடும் ஒட்டுப்பொட்டே போதும். அஞ்சறைப் பெட்டியில் கடுகைத் தொட்டவுடன் தெரியுமாதலால் அதையே தொடக்கமாக வைத்து, மற்றவற்றை வலமாக ஒரே வரிசையில் அமைத்துக்கொண்டால் மிளகாய்த்தூளை முகர்ந்து அறியும் துன்பம் இல்லை. தரை துடைக்கும் திரவமும் சமையல் எண்ணெயும் மட்டும் ஒரே அறையில்கூட இருத்தல் ஆகாது.

இனி அடுப்பு. பார்வையுள்ளோர் அடுப்பைப் பற்றவைத்த பிறகு பாத்திரத்தை ஏற்றுகிறோம். இங்கே அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த அடுப்பின்மீது பாத்திரத்தை வைத்து, அது பர்னரின் நடுவில் அமர்ந்திருப்பதைக் கையால் தடவி உறுதி செய்துகொண்டு, கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் திருப்பிவைத்து, அதன் பின்னரே பற்றவைக்க வேண்டும். இறக்கும்போதும் முதலில் அணைத்துவிட்டே இறக்கவேண்டும். நடுவில் பாத்திரத்தின் விளிம்பைத் தேடக் கை நீள்வதற்குப் பதிலாக நீண்ட மரக்கரண்டி நீளட்டும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்வது எவருக்கும் பொருந்தும் விதி. ஓரம் தொங்கும் பிடிதுணியைவிட முழங்கைவரை மூடும் தடித்த கையுறை பாதுகாப்பானது.

எரிவாயுவைப் பற்றி அஞ்சுவோர் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை, நிறமும் இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கடுநாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். நாடெங்கும் வீடுகளில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டர்களின் கசிவை அறிவதற்கு முதல் காவல் மூக்கே, கண் அன்று. இவ்வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தங்கும். நாற்றம் உணர்ந்தால் மின்விசைகளைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கவேண்டும். ரெகுலேட்டரைத் தொட்டு மூடிப் பழகுவதே அடுப்படிப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கட்டும்.

சமையலின் மொழி பெரும்பாலும் ஓசையாக இருக்கிறது. வடையை எண்ணெயில் இட்டதும் எழும் பெரும் இரைச்சல், மாவிலுள்ள நீர் ஆவியாகும் ஓசை. நீர் குறையக் குறைய அது தணியும். தணிந்து, மணமும் மாறியபின் எடுக்கலாம். எண்ணெயைச் சிறிதளவே ஊற்றி, ஆழமான வாணலியில், கரண்டியின் மேலிருந்து மாவை மெல்லச் சரியவிடுவது நலம். தோசைக்கல் காய்ந்ததா என்பதைத் தெளித்த நீரின் சீற்றம் சொல்லும். தோசை வெந்ததா என்பதற்குத் திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பார்க்கவேண்டும்: வேகாதது கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும், வெந்தது தடையின்றி நழுவும். வெங்காயத்தின் பச்சை வாடை போய் இனிய மணம் வருவதை நாம் அனைவரும் அறிவோம். பார்வையுள்ளோர் பொன்னிறத்துக்காகக் காத்திருந்து அந்த மணத்தைத் தவறவிடுவதும் உண்டு.

குழாயடியில் குடம் நிரம்பும்போது ஓசை மெல்ல மேலேறுவதைக் கேட்டிருப்போம். உள்ளே காற்றுக்குரிய இடம் குறுகுவதால் அவ்வாறு ஆகிறது. குவளையில் தேநீர் ஊற்றும்போதும் இதே ஏற்றத்தைக் கேட்டு நிறுத்தலாம். கையில் ஏறும் கனமும் துணை செய்யும். குளிர்ந்த நீரானால் விளிம்பினுள் ஒரு விரல் நுனியை வைத்துக்கொள்வதே நேரான வழி. பாலுக்கு விசிலடிக்கும் பால் குக்கர் இருக்கிறது. அது இல்லாதபோது பாத்திரத்தின் அடியில் இட்ட சிறு தட்டு, பால் கொதிக்கத் தொடங்கியதும் கடகடவென்று ஆடி அழைக்கும்.

காய் நறுக்குவதற்கு விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கணுக்கள் கத்தியின் பக்கவாட்டைத் தொட்டபடி இருக்கவேண்டும். உருண்டைக் காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்தால் உருளாது. அரிவாள்மணையில் அலகு ஓரிடத்தில் நிலையாக நிற்பது வசதிதான். ஆனால் வேலை முடிந்த கணமே அதை மடக்கிவைக்காத வீட்டில் அதனை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. குறைபார்வையுடையோருக்கு நிறவேறுபாடு பெருந்துணை. வெங்காயத்தைக் கருநிறப் பலகையிலும் கத்தரிக்காயை வெண்பலகையிலும் வைத்து நறுக்கலாம். பாலைக் கருங்குவளையிலும் கடுங்காப்பியை வெள்ளைக் குவளையிலும் ஊற்றலாம்.

கருவிகள் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அண்மையில் வரும் மின்தூண்டல் அடுப்புகள் பலவற்றில் பொத்தான்களே இல்லை. வழவழப்பான கண்ணாடிமீது வரைந்த குறிகள் மட்டுமே உள்ளன. விரலால் தேடினால் தேடும்போதே ஏதோ ஒன்று இயங்கிவிடும். அழகுக்காகச் செய்த மாற்றம் ஒரு சாராரை வெளியே நிறுத்துகிறது. அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் பொத்தான்களோ திருகும் குமிழோ உள்ளவற்றைத் தேடி வாங்குவது நன்று. குமிழின் 'அணை' நிலைக்கு நேரே ஒரு சொட்டு நகப்பூச்சு இட்டு உலரவிட்டால் விரலுக்குத் தெரியும் மேடு கிடைக்கும்.

காய்கறிக்காரரிடம் தொடங்குவதே சமையல் என்பதால் பணத்தாளைப் பற்றியும் ஒரு சொல். 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் அகலம் ஒன்றே. நீளம் 4 மில்லிமீட்டர் அளவே வேறுபடும். ஆகவே 100 ரூபாயில் முக்கோணமும் 500 ரூபாயில் வட்டமும் தடவி அறியும்படி மேடாக அச்சிடப்பட்டுள்ளன. பலர் கை மாறிய தாளில் அம்மேடு தேய்ந்துவிடுவதை மறுக்க இயலாது. அதற்கு உதவியாக ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலி, கைப்பேசியின் கேமரா முன் காட்டிய தாளின் மதிப்பை உரைக்கிறது.

பயிற்சி பெற விரும்புவோருக்கு டேராடூனில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், சென்னை பூந்தமல்லியில் அதன் மண்டல மையமும் உள்ளன. வீட்டிலேயே தொடங்குவோர் நெருப்பில்லாத தயிர்சாதத்திலிருந்து தொடங்கலாம். அடுத்து இட்லி, ஆவியில் வேகும் பண்டத்துக்கு நேரக் கணக்கு ஒன்றே போதும். பிறகு தேநீர், பின்னர் தோசை. வீட்டார் அருகில் நிற்கலாம், கரண்டியைப் பிடுங்கவேண்டாம். வெந்நீருடன் பின்னால் செல்ல நேர்ந்தால் "பின்னால் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். முதல் தோசை கிழிந்துதான் வரும்; நம் வீட்டிலும் அப்படித்தானே! பூரியைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.