ஏடு முதல் நாடா வரை – 11: படி எடுக்கக் காசு யார் தருவது?

புத்தூர்க் கல்யாணப் பந்தலில் கிழவர் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு அதோடு தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிழவர் அசரவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் போய் நின்று, கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று எடுத்து வைத்தார். சபையார் அதைக் கரணத்தானிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதோடும் விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் காட்சியை, கிழவராக வந்த சிவன் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையாகப் பக்தர்கள் படிக்கிறார்கள். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர் படித்தால் அவர் கண்ணில் வேறு விஷயம் படும். மூலம் ஒன்று, படி ஒன்று, ஒப்புநோக்க மூன்றாவதாக ஒரு சுவடி, இத்தனையையும் காத்துவைக்க ஓர் ஏற்பாடு. இன்றைய மின்னாக்கத் திட்ட அறிக்கைகளில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். 12 சூத்திரம், மொத்தம் 40 வரி. சில ஏடுகளில் அடங்கிவிடும். அவ்வளவு சிறிய நூல்கூடத் தானாக நம் கைக்கு வந்து சேரவில்லை. நம் வெயிலிலும் மழையிலும் ஓலைக்கு ஆயுள் இருநூறு, முந்நூறு ஆண்டுதான். செல்லரிக்கும் முன் யாரோ உட்கார்ந்து மறுபடி எழுதியாக வேண்டும். எழுதுகிறவருக்குச் சோறு போட ஒரு மடமோ ஜமீனோ அரண்மனையோ இருந்தது. கம்பருக்கு வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல் என்கிறார்கள். அது பெண்ணையாற்றங்கரை வெண்ணெய்நல்லூரா, சோழநாட்டு வெண்ணெய்நல்லூரா என்ற சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. புரவலர் கைவிட்ட வீடுகளில் ஏடு என்ன ஆனது என்பதை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார்: ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிற்று.

விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ழான் ஃபிலியோசா தொடக்கி வைக்க, என்.ஆர்.பட் போன்ற அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் கிடந்த சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டினார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகள். புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ ‘உலகின் நினைவு’ப் பட்டியலில் சேர்த்தது. நம் ஆகமங்களுக்குச் செலவு செய்த புரவலர் பாரிஸில் இருந்தார் என்பதில் கொஞ்சம் வெட்கப்படலாம், நிறைய நன்றியும் சொல்லலாம்.

ஒரு கட்டைப் படமாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கயிற்றைத் தளர்த்தி, மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் தைலம் தொட்ட பஞ்சால் துடைக்கிறார்கள். எழுத்து மங்கியிருந்தால் கரி தடவுகிறார்கள். கீறலுக்குள் கறுப்பு இறங்கியதும் வரி எழுந்து நிற்கிறது. பிறகு இரண்டு பக்கமும் படம், ஏட்டெண், அடுத்த ஏடு. படம் போய்ச் சேரும் இடம் ஹார்டு டிஸ்க். பெரிய காப்பகமானால் எல்டிஓ என்ற டேப். இரண்டுமே காந்தப் பூச்சு. பனையோலை கடைசியில் காந்தத்தில்தான் குடியேறுகிறது.

காந்த நாடாவின் கதை 1928இல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர் காகிதப் பட்டையில் இரும்புத் தூளைப் பூசி ஒலியைப் பிடித்தார். பின்னால் வந்த பழுப்பு நாடாவில் இருப்பது காமா ஃபெரிக் ஆக்சைடு, துருவுக்கு நெருங்கிய சொந்தம். 1963இல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. ஊசி போன்ற நுண்துகள்கள் ஒலிக்கேற்ற அளவில் காந்தமாகி அப்படியே நிற்கும். துகளின் காந்தம் அவ்வளவு எளிதில் போகாது. கெடுவது துகளை நாடாவோடு பிடித்து வைத்திருக்கும் பசை. ஈரப்பதத்தை உறிஞ்சி அது பிசுபிசுக்கிறது. அந்த நிலையில் ஓடவிட்டால் பூச்சு உரிந்து ஹெட்டில் பழுப்புக் களிம்பாக ஒட்டிக்கொள்ளும். அதில் பதிந்த குரலும் கூடவே உரிந்துவிடும். ஆய்வகங்களில் சிலவகை நாடாவை ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தை வாங்கி, உடனே படியெடுத்துவிடுகிறார்கள்.

கட்சிக் கூட்டப் பேச்சுகள் கேசட்டில் விற்ற காலம் ஒன்று இருந்தது. தெருக்கூத்தும் பாரதப் பிரசங்கமும் ஊருக்கு ஊர் பதிவாயின. செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் 1988இல் நூலே வெளியிட்டார். நூல் நூலகத்தில் நிற்கும். கூத்து வாத்தியாரின் குரல் கேசட்டில் மட்டுமே இருந்தால் அதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பழைய நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகமும் 2025 வாக்கில் அரிதாகிவிடும் என்று 2019இலேயே யுனெஸ்கோ எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை நடத்தியது. பணக்கார நாடும் இதிலிருந்து தப்பவில்லை. அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய மூலப் பதிவு நாடாக்கள் அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே சொன்னது.

புதிய டேப்பில் பேரியம் ஃபெரைட் பூசுகிறார்கள். ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் அரிப்பு பயமில்லை. முப்பது ஆண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஆனால் 2000இல் வந்த எல்டிஓ 2021க்குள் ஒன்பதாம் தலைமுறைக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டைப் படிக்கும், ஏழைப் படிக்காது. ஓலையை இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை படியெடுத்த நாம் இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். சிக்கனம் என்று நினைத்துத்தான் இதில் இறங்கினோம்.

இங்கேதான் அரசியல் புரவலர் வருகிறார். 1999 தமிழ்நெட் மாநாடு, 2001இல் திறந்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் மின்னூலகம் எல்லாம் அரசு ஆதரவில் வந்த நல்ல காரியங்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் தொடக்க விழாவுக்குப் பணம் வரும். பத்தாம் ஆண்டில் டேப் மாற்றும் செலவுக்கு ரிப்பன் வெட்ட முடியாது, பெயர்ப்பலகையும் வைக்க முடியாது. ஆய்வு மாணவருக்கு மூன்று ஆண்டு உதவித்தொகை முடிந்ததும் கோப்பு அவர் மேசையில் இருந்த ஹார்டு டிஸ்கோடு நின்றுவிடுகிறது. மின்னாக்கத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும் அடுத்த இரண்டு டேப் மாற்றங்களுக்கான தொகையை வைப்புநிதியாகப் போடாத திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது என்பது என் கட்சி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீட்டுப் பரண்களில் கூத்தோ கூட்டப் பேச்சோ ஒப்பாரியோ பதிந்த கேசட் இருந்தால், ஆசைப்பட்டு உடனே பழைய டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரமில்லாத இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, நிமிர்த்தி வையுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். குரலைக் கேட்டு ஆளைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.