கடையில் கிடைக்காத பிடி: சிறிய சிஎன்சி இயந்திரத்தில் ரூட்டரைப் பொருத்துவது எப்படி?

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். தலையிடி தந்தது டைனமோ அல்ல, அதைப் பிடித்திருந்த தகடுதான். கொஞ்சம் விலகினால் சில்லில் உரசாது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் சில்லே சுற்றாது. இன்று வீட்டில் சிறிய சிஎன்சி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலையிடிதான்.

கணினி சொல்லும் பாதையில் வெட்டும் கருவியை நகர்த்துவதே சிஎன்சி. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இதன் முன்னோடி செய்துகாட்டப்பட்டபோது அது பெரிய தொழிற்சாலைகளுக்கான விடயம். இப்போது மேசையில் வைக்கும் அளவிலேயே வருகிறது. ஆனால் கூடவே வரும் மோட்டார் சிறியது. பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டும். கதவுப் பலகையில் பூவேலை செய்யச் சொன்னால் திணறும். அந்த இடத்தில் ஓடாவிமார் கையில் வைத்துப் பள்ளம் எடுக்கும் சிறிய ரூட்டரை (இணையத்துக்கு வைக்கும் பெட்டியை அல்ல) ஏற்றினால் வேலை நடக்கும்.

ஏற்ற விடாதது அளவு. இயந்திரத்தோடு வரும் பிடியின் துளை பெரும்பாலும் 45 அல்லது 52 மில்லிமீற்றர். மக்கிற்றா ஆர்டி0700 ரூட்டரின் உடல் 65 மில்லிமீற்றர், டிவோல்ட் 611இன் உடல் 69. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வளையத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம், காசும் பொறுமையும் இருந்தால்.

திரியாய், திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் நாற்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு, ஊரே இடம்பெயர்ந்து, காலம் கடந்து திரும்பிய சனங்களின் ஊர். நிலையும் கதவும் யன்னலும் புதிதாகப் போட வேண்டிவந்த இடத்தில் தச்சுவேலை பொழுதுபோக்கு அல்ல. அங்கே ஓர் இளம் ஓடாவியிடம் இப்படி ஒரு இயந்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளையம் இல்லாததற்காக அது மூலையில் தூங்க வேண்டியதில்லை.

முதலில் அளவு. ரூட்டரின் உலோக உடலை வேணியரால் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். காற்றுத் துவாரங்கள் உள்ள மேற்பகுதியில் பிடி வரக்கூடாது. வேணியர் இல்லையா? கடதாசிப் பட்டியை உடலைச் சுற்றி இறுக்கி, சேரும் இடத்தில் கோடு போட்டு, அந்த நீளத்தை 3.1416ஆல் வகுங்கள். 65 மில்லிமீற்றர் உடலுக்கு 204 சொச்சம் வரும். சுற்றளவில் 1 மில்லிமீற்றர் பிழைத்தாலும் விட்டத்தில் 0.3தான் பிழைக்கும். என் கணிப்பில், மலிவான வேணியரை அவசரமாகப் பிடிப்பதை விட இது நம்பகமானது.

அடுத்தது பொருள். முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் ஏறக்குறைய 60 பாகையில் இளகிவிடும். ரூட்டரின் சூட்டுக்கும் தகரக் கொட்டிலின் வெக்கைக்கும் அது சரிவராது. 18 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். அதில் இரண்டு வளையங்கள் செய்து, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் ஒரு பின்பலகையில் பசையும் திருகாணியும் போட்டு இறுக்க வேண்டும். ஒற்றை வளையத்தில் ரூட்டர் தலையாட்டும். சுவையான விடயம் என்னவென்றால், இந்த வளையங்களை அதே இயந்திரம் தன் பழைய சின்ன மோட்டாரைக் கொண்டே, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர் ஆழமாக, மெதுவாக வெட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு வளையத்தின் முன்பக்கத்திலும் 3 மில்லிமீற்றர் கீறு விட்டு, குறுக்கே எம்6 போல்ட் ஒன்று. இறுக்கும்போது கீறு சுருங்கி வளையம் உடலைக் கவ்வும். கையால் திருப்ப முடியாத அளவு போதும். அதற்கு மேல் இறுக்கினால் உடல் நசிந்து பெயாரிங் சூடாகும். வளையம் பின்தகட்டுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. தள்ளி நின்றால், நீண்ட கொப்பில் தொங்கும் பலாக்காய் போல வெட்டும்போது ஆடும்.

இனித்தான் பலர் தவறவிடும் இடம். வயரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, அலகு பூட்டும் இடத்தில் எல் வடிவில் வளைத்த கம்பியைப் பூட்டிக் கையால் சுற்றுங்கள். தட்டில் நான்கு பக்கமும் ஒரு கடதாசித் துண்டை ஒரேயளவாக உரச வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால், குளிர்பான ரின்னில் வெட்டிய தகட்டைப் பின்பலகைக்கு அடியில் செருகிச் சரிப்படுத்தலாம். அதன் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். இதைச் செய்யாமல் வெட்டினால் பலகை முழுக்க வயல் வரம்பு போலக் கோடு விழும்.

ஒரு எச்சரிக்கை. 3018 என்ற மிகச் சிறிய வகையில் இதை ஏற்ற வேண்டாம். அதன் பிடி பெரும்பாலும் பிளாஸ்ரிக்; ரூட்டரின் எடையோ 2 கிலோவுக்குக் கிட்ட. நிமிடத்துக்கு 30,000 தடவை சுற்றும் அலகு கழன்றால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள்.

மரம் அடங்கும் என்பதால் முதல் அரை மணி வேலைக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி பாருங்கள். மாரி மழை தொடங்கிப் பலகை ஊறும்போது இன்னொரு தடவை.