‘சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து!’ - சிறப்புப் பள்ளி டிரஸ்ட்டில் உறுப்பினராகக் கூப்பிட்டால் என்ன செய்வது?

“நீங்க ஐ.டி-யில இருக்கீங்க, கணக்கு வழக்கும் தெரியும், இங்கிலீஷ்ல நல்லா மெயில் எழுதுறீங்க. நம்ம டிரஸ்ட்ல நீங்களும் ஒரு மெம்பரா இருந்தா நல்லா இருக்கும். சும்மா பேருக்குத்தான். மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்!”

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளியோ சிகிச்சை மையமோ நடத்தும் அமைப்புகளுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கப் போனவர்கள், வார இறுதியில் தன்னார்வலராகப் போனவர்கள் எனப் பலரையும் ஒருநாள் இந்த அழைப்பு தேடி வரும். கேட்கும்போது மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆண்டு விழாவில் பொன்னாடை, மேடையில் ஒரு நாற்காலி, லிங்க்ட்இன் பக்கத்தில் ஒரு வரி. மறுக்கத் தோன்றாது.

ஆனால், அந்த அழைப்பில் தவறான வார்த்தை ஒன்று இருக்கிறது. ‘சும்மா பேருக்கு’ என்பதுதான் அது. சம்பளம் இல்லாத பதவிதான். பொறுப்பு இல்லாத பதவி அல்ல.

நிர்வாகக் குழு என்னதான் செய்கிறது?

குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது சிறப்பு ஆசிரியர். கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பது பிசியோதெரபிஸ்ட். அன்றாடம் பள்ளியை ஓட்டுவது முதல்வர். இவர்களுக்கெல்லாம் சம்பளம் உண்டு. இவர்களுக்கு மேலே, சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அறங்காவலர் குழு அல்லது நிர்வாகக் குழு. பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, யாரை வேலைக்கு எடுப்பது, குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா, 5 வருஷம் கழித்து இந்த இடம் இருக்குமா... இந்தக் கேள்விகளுக்கு இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேப்பரில் படிக்க இது வறட்சியாகத் தெரியலாம். ஒரு சின்ன ஊர்ப் பள்ளியைக் கற்பனை செய்து பாருங்கள். 40 குழந்தைகள், ஐந்து சிறப்பு ஆசிரியர்கள், ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு வேன். பாதிச் செலவு மானியத்தில் ஓடுகிறது, மீதி நன்கொடையில். ஏதோ ஒரு காரணத்தால் மானியம் மூன்று மாதம் தள்ளிப்போகிறது. நிர்வாகக் குழு கடைசியாகக் கூடியதே நான்கு மாதம் முன்புதான். பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் ‘வந்துடும், பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது மாதச் சம்பளம் வராதபோது பிசியோதெரபிஸ்ட் பக்கத்து டவுன் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால், பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தசைப் பயிற்சி என்பது கூடுதல் வசதி அல்ல. அது மாதக்கணக்கில் நின்றுபோனால் தசைகள் இறுகும், மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடக்கூடும். சாய்ந்து உட்காரப் பழகியிருந்த குழந்தை மறுபடியும் படுக்கைக்குப் போகலாம். அடுத்த ஆளைப் பிடிப்பதும் லேசு இல்லை. சிறப்பு ஆசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சின்ன ஊரில் அப்படி ஒருவர் தெருவுக்குத் தெரு இருக்க மாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்பே யாராவது ஒருவர் ‘கையில எத்தனை மாசச் சம்பளம் இருக்கு?’ என்று கேட்டிருந்தால் கதையே வேறு. அந்த ஒருவர்தான் நிர்வாகக் குழு உறுப்பினர்.

‘அப்போ நிறைய பணத்தைச் சேர்த்து வெச்சுக்கலாமே’ என்று தோன்றும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 சதவிகிதத்தைத் தன் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 சதவிகிதத்தைத்தான் கேள்வியில்லாமல் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் ஒதுக்க வேண்டுமென்றால் இன்ன காரணத்துக்காக என்று குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டு, வருமான வரித்துறைக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும். ஆக, சேமிப்பு என்பதே இங்கே குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆடிட்டர் தனியாக முடிவெடுத்துச் சரிசெய்ய முடியாது.

டிரஸ்ட்டா, சங்கமா, கம்பெனியா?

எல்லாவற்றையும் பேச்சு வழக்கில் ‘டிரஸ்ட்’ என்றுதான் சொல்கிறோம். சட்டப்படி மூன்று வகை.

முதல் வகை, பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் பொது அறக்கட்டளை. இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 1882, தனியார் அறக்கட்டளைகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும், சராசரி விவேகம் உள்ள ஒருவர் தன் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்து சொந்த லாபம் எடுக்கக் கூடாது என்ற அதன் அடிப்படைக் கொள்கைகள் பொது அறக்கட்டளைக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இரண்டாவது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் வரும் சங்கம். குறைந்தது மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு வேண்டும். கணக்கும் நிர்வாகிகள் மாற்றமும் பதிவாளருக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-வது பிரிவில் பதிவாகும் லாப நோக்கமற்ற நிறுவனம். இங்கே நீங்கள் ‘டைரக்டர்’. ஸ்டார்ட்அப் கனவில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் அந்த நிறுவனம் நிதி அறிக்கையோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாமல் விட்டால், அதன் டைரக்டர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். தகுதியிழப்பு அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்காது. உங்கள் சொந்த கம்பெனியிலும் டைரக்டர் நாற்காலிக்கு ஆபத்துதான். ‘சும்மா பேருக்கு’ இருந்ததன் விலை.

இது தவிர, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எந்த வடிவில் இருந்தாலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன்படி தனியாகப் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். விதிமீறல் நடந்தால், அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தவர்களையும் குற்றத்துக்கு உள்ளானவர்களாகக் கருத அதே சட்டத்தில் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு என்றால் எஃப்.சி.ஆர்.ஏ தனிக் கதை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது.

பேசி முடிச்சுக்கலாம் என்பார்கள்

நிர்வாகக் குழுவின் முன்னால் வரும் விஷயங்களிலேயே கனமானது குழந்தைப் பாதுகாப்பு. பேச்சு வராத குழந்தை, நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தை, குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் இன்னொருவரை நம்பியிருக்கும் குழந்தை. துன்புறுத்தல் நடந்தால் வெளியே தெரிய வருவதே கடினம். போக்சோ சட்டமும், ஒரு குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யப்படும் வன்கொடுமையைத் தீவிரக் குற்றமாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

ஒரு அம்மா வந்து வேன் உதவியாளர் மீது சந்தேகம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “பள்ளி பேரு கெட்டுடும், டொனேஷன் நின்னுடும், நாமளே விசாரிச்சுப் பேசி முடிச்சுக்கலாம்.”

சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. உள்ளுக்குள் விசாரணைக் குழு போட்டோம் என்பது பதில் ஆகாது. அந்த அறையில் ‘இல்ல, இப்பவே ஸ்டேஷனுக்குச் சொல்லணும்’ என்று முதலில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரிய மனிதர்கள் நிறைந்த அறையில் வயதில் சின்னவர் ஒருவர் அதைச் சொல்வது எளிது இல்லை. ஆனால், அதற்காகத்தான் அந்த நாற்காலி.

நல்ல குழு பிரச்னை வரும் வரை காத்திருப்பதில்லை. வேனில் ஓட்டுநரோடு இன்னொரு பெரியவர் இருக்கிறாரா, புதிதாகச் சேர்பவரைப் பற்றி முந்தைய இடத்தில் விசாரித்தார்களா, டயபர் மாற்றும் அறையில் யார் யாருக்கு அனுமதி என்று கேட்டு, பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றும்.

நிறுவனர், பெற்றோர், அப்புறம் மற்றவர்கள்

இந்தத் துறையில் பல அமைப்புகள் ஒருவருடைய சொந்த வலியிலிருந்து முளைத்தவை. சென்னையின் வித்யாசாகரை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜன், பெருமூளை வாதம் உள்ள மகனின் தாய். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தின் கதை இன்னொரு விதம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் சொந்த ஊரில் அதைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரோடு 1992-ல் வந்து சேர்ந்தவர் எஸ்.சங்கர ராமன், தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட். ஒருவரிடம் கனவு, இன்னொருவரிடம் கணக்கு. ஒரு கிராமத்து அமைப்பு சிறப்புப் பள்ளி, மறுவாழ்வு மையம், வீடு தேடிப் போகும் ஆரம்ப நிலைச் சிகிச்சை என விரிந்ததில் இந்தச் சேர்க்கைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பேருமே மாற்றுத்திறனாளிகள் என்பது அதைவிட முக்கியம்.

ஏனென்றால், பல அமைப்புகளின் குழுவில் மருத்துவர் இருப்பார், தொழிலதிபர் இருப்பார், ஓய்வுபெற்ற அதிகாரி இருப்பார். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி முடிவெடுக்காதே’ என்பது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முழக்கம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளிலேயே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-ல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஊராட்சியில் இடம் கிடைத்தவருக்கு அவர் படித்த பள்ளியின் குழுவில் இடம் இல்லை என்றால், வேடிக்கைதான்.

சொந்த வலியிலிருந்து பிறந்த அமைப்புகளுக்கு ஒரு சிக்கலும் உண்டு. நிறுவனர் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். ‘அம்மா பார்த்துப்பாங்க’ என்றே 20 வருஷம் ஓடிவிடும். அவருக்கு 70 வயது ஆகும்போதுதான், செக்கில் கையெழுத்து முதல் கலெக்டர் ஆபீஸ் தொடர்பு வரை எல்லாமே ஒரே ஆளிடம் இருப்பது தெரியும். அதை மரியாதை குறையாமல் பிரித்துக்கொடுக்க வைப்பது இளம் உறுப்பினர்கள் செய்யக்கூடிய பெரிய வேலை.

பெற்றோர் குழுவில் இருப்பது கட்டாயம் தேவை. குழந்தையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், தன் பிள்ளைக்கான தெரபி நேரம், கட்டணச் சலுகை என்று வரும்போது அவர் எழுந்து வெளியே போவது நல்லது. பொருளாளரின் மச்சான் கட்டடத்தைப் பள்ளிக்கு வாடகைக்கு எடுப்பதும் இதே கதைதான். சந்தை விலையை மீறி அறங்காவலருக்கோ உறவினருக்கோ பலன் போனால் வரிவிலக்குக்கே சிக்கல் வரும்.

சரி, ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம். நல்ல கேள்வி கேட்கிற ஆள் கிடைக்காமல்தான் இந்த அமைப்புகள் திணறுகின்றன. ஆனால், சரி சொல்வதற்கு முன் அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கத்தின் துணை விதிகள், கடைசி மூன்று ஆண்டு தணிக்கை அறிக்கை, கடைசி ஆறு கூட்டங்களின் மினிட்ஸ் மூன்றையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். மினிட்ஸில் எல்லாக் கூட்டமும் ‘ஒருமனதாக’ முடிந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 12ஏ, 80ஜி பதிவுகள் 2021-க்குப் பிறகு ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்ற கதை இல்லை. எப்போது காலாவதி ஆகிறது என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்கும் 80ஜி சலுகை உண்டு என்று ரசீது கொடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அப்படி ஒரு சலுகை கிடையாது.

பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்குப் போய், வேன் வந்து நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆண்டு விழாவில் தெரியாதது அங்கே தெரியும்.

முடியாது என்று தோன்றினால், ஓராண்டு சிறப்பு அழைப்பாளராகக் கூட்டங்களில் உட்காருகிறேன், ஓட்டு வேண்டாம் என்று சொல்லலாம். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

சேர்ந்த பிறகு வேலை மாற்றம், வெளிநாடு என்று விலக நேர்ந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து வெளியேறுவது ராஜினாமா ஆகாது. எழுத்தில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சங்கம் என்றால் பதிவாளரிடமும், கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளரிடமும் மாற்றம் தாக்கல் ஆனதா என்று பாருங்கள். செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்திருந்தால், உங்கள் பெயரை நீக்கச் சொல்லி பேங்க்குக்குக் கொடுத்த கடிதத்தில் சீல் வைத்த நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.