மண்ணைக் குடித்துப் பிறக்கும் மணிகள்

வேற்றுக் கிரகவாசிகளைக் கற்பனை செய்யப் புகும் கதாசிரியர்களில் பெரும்பாலோர், மனித ரூபத்தோடு இரண்டு கொம்புகளையோ பச்சை நிறத்தையோ சேர்த்துவிட்டால் சிருஷ்டி காரியம் பூர்த்தியாகிவிட்டதாகத் திருப்தி கொள்கிறார்கள். அந்த ஜீவன்கள் எவ்வாறு ஜனிக்கின்றன, யார் யாருக்கு ஊழியம் செய்கின்றன, கட்டளையை மீறினால் என்ன நேரும் என்ற கேள்விகளை அவர்கள் தொடுவதே இல்லை. 2013-ஆம் ஆண்டு நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ என்னும் அமெரிக்க அனிமேஷன் தொடர், குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதாயினும், இவற்றுக்கெல்லாம் விடை சொல்கிறது. அதிலும், அதன் கர்த்தாவான ரெபெக்கா சுகர் படைத்த ‘ஜெம்’ இனத்தின் ஜனன முறையே அவ்வினத்தின் ராஜ்ய முறையாகவும் அமைந்திருப்பதைக் காணும்போது, இதைச் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

ஜெம்களுக்கு ஆதாரம் ஓர் இரத்தினக் கல். கண்ணுக்குத் தெரியும் உடல் அக்கல் வீசும் ஒளியினால் ஆன தோற்றமே ஆகையால், பலத்த அடி பட்டால் உடல் புகையாய்க் கலைந்து கல் மட்டும் தரையில் விழும். சிறிது காலம் கழித்துக் கல்லிலிருந்து புதிய உடல் எழும். பசி, உறக்கம், மூப்பு ஒன்றும் கிடையாது. ஆண் பெண் பேதமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரையும் ‘அவள்’ என்றே தொடர் குறிக்கிறது. கல் உடைந்தால்தான் அழிவு, அப்போதும் சில்லுகளில் உணர்ச்சி சற்று எஞ்சி நிற்கும் என்பது கதையின் கொடிய கற்பனைகளில் ஒன்று.

அதைவிடக் கொடியது இவர்கள் பிறக்கும் விதம். ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்திருக்கும் பள்ளத்தாக்குகளில், பிரம்மாண்டமான இயந்திரங்கள் பாறைக்குள் வித்தைச் செலுத்துகின்றன. உள்ளே உருவாகும் ஜெம், சுற்றியுள்ள மண்ணின் ஜீவசத்து அனைத்தையும் உறிஞ்சிக்கொண்டு, தன் உடலின் அளவுக்கே ஒரு துளையை விட்டு வெளியே வருகிறது. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் புல்லும் முளைக்காது. ஆகவே ‘ஹோம்வேர்ல்ட்’ என்னும் அந்தச் சாம்ராஜ்யம் பெருக வேண்டுமானால் இன்னொரு கிரகம் வற்றியே தீர வேண்டும். ஆக்கிரமிப்பு என்பது அங்கே ஓர் அரசனின் பேராசையன்று, பிரஜா உற்பத்தியே அதுதான். வளம் குன்றிய பிற்காலத்தில் பிறந்த பெரிடாட் போன்றவர்கள் சக்தி குறைந்தவர்களாய், குறையை ஈடுசெய்ய இயந்திர அவயவங்களை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

சிகரத்தில் வெள்ளை, மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என நான்கு வைரங்கள் ஆள்கின்றன. குவார்ட்ஸாகப் பிறந்தால் சிப்பாய். ரூபியாகப் பிறந்தால் காவலாள். சஃபையராகப் பிறந்தால் வருங்காலம் உரைக்கும் பிரபு. பேர்லாகப் பிறந்தாலோ, எஜமானியின் பக்கத்தில் அழகாக நின்று பொருள்களை ஏந்துவதே தொழில். ஜன்மத்தால் தொழில், தொழிலால் மதிப்பு என்ற ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. குறித்த காலத்துக்கு வெகு பின்னர் பூமியிலிருந்து வெளிவந்ததால் குள்ளமாய்ப் போன அமெதிஸ்ட், தன் இனத்தாரின் கணக்கில் ‘குறையுள்ள சரக்கு’ என்று தெரிந்துகொள்ளும் இடம், தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றென்பது என் அபிப்பிராயம்.

இத்தனை இறுக்கமான கட்டுக்குள் ஒரு விரிசல் உண்டு, அதுதான் இணைவு. இருவர், பெரும்பாலும் நடனத்தின் மூலம், ஒருவராய்க் கலந்துவிட முடியும். ஒரே வகையினர் யுத்த காரியத்துக்காகக் கலந்து பெரிய உருவெடுப்பதையே ஹோம்வேர்ல்ட் அனுமதிக்கிறது. நீல வைரத்தின் சபையில், ஆபத்திலிருந்து சஃபையரைத் தள்ளிக் காக்கப் பாய்ந்த ஒரு சாதாரண ரூபி தற்செயலாக அவளோடு கலந்துவிட, சபை அருவருப்பால் கூச்சலிட, ரூபியை உடைக்கும்படி ஆக்ஞை பிறக்க, சஃபையர் அவளை இழுத்துக்கொண்டு பூமிக்குக் குதித்துவிடுகிறாள். அவ்விருவரின் கலப்பே, தொடரின் முக்கியப் பாத்திரங்களில் ஒன்றான கார்னெட். அதுவரை பார்ப்பவர்கள் ஒருத்தியென்றே நம்பியிருந்த கார்னெட் உண்மையில் இருவர் என்பது முதல் பருவத்தின் இறுதியில், 2015 மார்ச்சில், வெளிப்பட்டது. 2018 ஜூலையில் ரூபிக்கும் சஃபையருக்கும் கல்யாணமே நடந்தது. மறு ஆண்டு, தன்பாலின உறவினர் முதலியோரின் உரிமைக்காக இயங்கும் ‘கிளாட்’ அமைப்பின் விருது, குழந்தைகள்-குடும்ப நிகழ்ச்சிகள் பிரிவில், இத்தொடருக்குக் கிடைத்தது.

ஆரம்ப அத்தியாயங்களில் வாராவாரம் வந்து அடிபட்டுப் போகும் பூதங்கள், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஹோம்வேர்ல்டுக்கு எதிராக நடந்த கலகத்தின் முடிவில் வைரங்கள் தொடுத்த தாக்குதலால் சித்தம் சிதைந்த அதே இனத்தார்தாம் என்று பிற்பாடு தெரியவருகிறது. கலகத்தின் தலைவியும் கதாநாயகச் சிறுவன் ஸ்டீவனின் தாயுமான ரோஸ் குவார்ட்ஸே, கொல்லப்பட்டதாக எல்லோரும் நம்பிய இளஞ்சிவப்பு வைரம் என்ற ரகசியமும் 2018-இல் உடைந்தது. வீராங்கனையாய்ப் பூஜிக்கப்பட்டவள் பொய்யுரைத்தவளும் ஆனாள். கதாசிரியர்கள் அவளைக் காப்பாற்ற முயலவில்லை.

ஆனால் வைரங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். எண்ணற்ற கிரகங்களை உறிஞ்சிய அந்த ஆட்சி, 2019 ஜனவரியில் வந்த ஒரே நீண்ட அத்தியாயத்தில் மனம் திருந்துகிறது. வெட்கமும் கண்ணீரும் போதுமானதாகிவிடுகின்றன. இத்தனை நுட்பமாய் ஒரு கொடுங்கோன்மையைக் கட்டியவர்கள் அதை இவ்வளவு சுலபமாய்க் கலைத்தது அவசரம் என்றே சொல்வேன். 2019 டிசம்பர் முதல் 2020 மார்ச் வரை வந்த ‘ஸ்டீவன் யூனிவர்ஸ் ஃபியூச்சர்’ அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது. எல்லோரையும் மன்னித்துக்கொண்டே வந்த ஸ்டீவன், யாரிடமும் சொல்லாத வேதனையால் அதில் தானே ஒரு பூதமாய் மாறுகிறான். மூலத் தொடரைப் பார்த்து முடித்தவர்கள் இந்தப் பிற்பகுதியை அனுபந்தமென்று எண்ணி விட்டுவிடாமல், கட்டாயம் பார்க்க வேண்டும்.