சைகோன் படத்துக்கு டச்சிங்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்தால், பல நேரம் சைகோன் எட்டிப்பார்க்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவுக்குப் போன சொல்தாக்கள் எனப்பட்ட படைவீரர்களும் குமாஸ்தாக்களும் அனுப்பிவைத்த படங்கள் அவை. கடற்காற்றின் ஈரம் அவற்றைச் சும்மா விடுவதில்லை. ஓரம் பழுப்பேறும், பூஞ்சை படரும், சட்டகத்தில் இருந்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, அழியும் நிலையிலிருந்த தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. நம் வீட்டுப் படத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நாமே உட்கார வேண்டியதுதான். அதற்குக் காசு தேவையில்லை, 'கிம்ப்' இருக்கிறது.

பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995-இல் தொடங்கிய மென்பொருள் இது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சந்தா கிடையாது. திறந்ததும் கண்ணில் படும் கருவிக் கூட்டத்தைப் பார்த்து மிரள்பவர்கள் அதிகம். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் தொடங்குவதே இல்லை. தாத்தா படம் ஒன்றைச் சரிசெய்ய மூன்று கருவி போதும்.

படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்தால் பல்பு வெளிச்சம் பளபளப்பில் விழுந்து கெடுக்கும். கிம்பில் திறந்ததும் முதல் வேலை, லேயரை நகலெடுப்பது. கை தவறினாலும் கீழே அசல் அப்படியே கிடக்கும். பிறகு 'கலர்ஸ்' பட்டியலில் 'லெவல்ஸ்': அங்கே தெரியும் மலைமேடு போன்ற வரைபடத்தின் இரு முனைகளுக்கும் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை இழுத்தால், வெளிறிப்போன முகம் தெளிந்து வரும். இந்த ஒன்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கீறலுக்கும் பூஞ்சைப் புள்ளிக்கும் 'ஹீல்'. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பக்கத்தில் நல்ல இடத்தைக் கிளிக் செய்து, பிறகு கறைமேல் தேய்க்க வேண்டும். கோட்டின் விளிம்பு, புடவைக் கரை போன்ற இடங்களில் ஹீல் கலங்கடிக்கும்; அங்கே 'குளோன்'. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின்மேல் கூரான பென்சிலால் செய்த டச்சிங்கும் இதே பொறுமையைத்தான் கேட்டது.

ஒரே நொடியில் முகத்தைப் புதிதாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. மங்கிய கண்ணுக்குப் பதில் அவை ஊகித்த கண்ணை வைக்கின்றன. படம் பளிச்சென்று இருக்கும், தாத்தா யாரோ ஆகிவிடுவார். ஹீல் அந்தப் படத்தில் இருப்பதை மட்டுமே எடுத்துப் பயன்படுத்துகிறது.

கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்கள் பிரவுசரிலேயே இயங்கும் ஃபோட்டோபீயாவில் இதே வேலையைச் செய்யலாம். கிரிட்டாவும் இலவசம்தான், ஆனால் அது வரைபவர்களுக்கானது.

புதியவர்கள் கிம்பில் தடுமாறும் இடம் கடைசியில் வருகிறது. 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாரிஸிலிருக்கும் சித்தப்பாவுக்குத் திறக்காது. ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. எக்ஸ்சிஎஃப்பையும் அழித்துவிடாதீர்கள். அத்தையின் மூக்குத்தியைப் பூஞ்சை என்று நினைத்து அழித்திருந்தால், அசல் லேயரைப் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் கோப்பை வைத்துத்தான் திருத்த முடியும்.